பணம் முன்னாடியா வாட்ச் முன்னாடியா: குரூப்ல சொன்ன நாலு வழி, நாலுலயும் இருக்கிற ஓட்டை

பழைய கீ குடுக்கிற வாட்ச் வாங்கி விக்க எங்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப் இருக்கு, கிருஷ்ணகிரி தருமபுரி ஓசூர் ஆளுங்கதான் பாதிக்கு மேல, மிச்சம் சேலம் பெங்களூரு. அதுல ஒருத்தன் அஞ்சு மாசமா எச்எம்டி கம்பெனியோட ஜனதா, கோஹினூர்னு சின்னச் சின்னதா எட்டு வாட்ச் வித்தான், எட்டும் ஒழுங்கா போய் சேந்துச்சு, எல்லாரும் தம்ஸப் போட்டோம். அப்புறம் ஒருநாள் ராத்திரி "தாத்தா கடைய மூடுறோம், மொத்த லாட், அட்வான்ஸ் போடுறவங்களுக்கு மொதல்ல" அப்பிடின்னு போட்டோவா எறக்குனான். காலைல பத்து மணிக்குள்ள பதினோரு பேர் பணம் போட்டாச்சு, பதினொன்னரைக்கு நம்பர் ஸ்விட்ச் ஆஃப். பதினோரு பேர்ல நானும் ஒருத்தன், 1,800 ரூபா.

அன்னைலேர்ந்து குரூப்ல ஒரே பஞ்சாயத்து. இனிமே பணம் அட்மின் அண்ணன் கையில இருக்கட்டும்னு ஒரு கட்சி, விக்கிறவன் ஆதார் குடுக்கணும்னு ஒரு கட்சி, வி.பி.பி.யில (பணத்தக் கட்டுனாதான் குடுக்கிற தபால் பார்சல்) மட்டும்தான் அனுப்பணும்னு வயசான ரெண்டு பேர், நேர்ல பாக்காம எவனும் வாங்காதீங்கன்னு காவேரிப்பட்டணத்து அண்ணன் ஒருத்தர். நாலையும் நான் கொஞ்சம் நோண்டிப் பாத்தேன், பணம் விட்டவன்ல, தூக்கம் வரல.

மொதல்ல ஒன்னு சொல்லிடறேன், ஏன்னா இதப் பிரிக்காமதான் எல்லாரும் சண்டை போடுறாங்க. நம்ம குரூப்ல ஏமாத்து ரெண்டு தினுசு. ஒன்னு வெறும் பாக்கெட், அதாவது பணத்த வாங்கிட்டு ஆளே காணாம போறது. இன்னொன்னு பொய்ச் சரக்கு, வாட்ச் வரும் ஆனா சொன்ன வாட்ச் வராது. மொதல் தினுச எல்லாரும் பேசுவாங்க, ரெண்டாவதுலதான் மொத்தமா கணக்குப் போட்டா அதிகப் பணம் போகுதுன்னு எனக்குத் தோணுது, ஏன்னா பாதிப் பேருக்கு ஏமாந்ததே தெரியாது, கையில கட்டிக்கிட்டு சந்தோஷமா சுத்துவாங்க.

எச்எம்டி வாட்ச் வர ஆரம்பிச்சது 1961ல, ஜப்பான் சிட்டிசன் கம்பெனி கூட சேந்து பெங்களூருல. வாட்ச் கம்பெனிய மூட 2016 ஜனவரியில மத்திய மந்திரி சபை முடிவெடுத்துச்சு. அதுக்கப்புறம் புது பார்ட்ஸ் எங்கேர்ந்து வரும், செத்த வாட்ச்லேர்ந்து பிரிச்சுதான் எடுக்கணும். அதனால இப்ப வர்றதுல ஒரு வாட்சோட மெஷின், இன்னொன்னோட கேஸ், மூனாவதா எவனோ பெயிண்ட் அடிச்ச டயல்னு மிக்ஸ் பண்ணுனது ஏராளம். நானும் பைலட்னு ஒரு எச்எம்டி வாட்ச 2,800 குடுத்து வாங்குனேன். லென்ஸ் வச்சுப் பாத்தா டயல்ல எழுத்தோட ஓரமெல்லாம் மை கசிஞ்ச மாதிரி பொசபொசன்னு, நம்பருக்கு நேரா இருக்கிற கோடு ஒன்னு கொஞ்சம் சாஞ்சிருக்கு. குடுத்தவர் நல்ல மனுஷன், குரூப்ல பழைய ஆளு. அவரே அத வேற எவன்கிட்டயோ ஒரிஜினல்னு நம்பி வாங்கியிருக்காரு! ஆதார் வாங்கியிருந்தா மட்டும் அந்த டயல் ஒரிஜினல் ஆயிருக்குமா?

சரி, இப்ப அட்மின் அண்ணன் கதை. வாங்குறவன் அவருக்குப் பணம் போடுவான், விக்கிறவன் வாட்ச அனுப்புவான், வந்து ரெண்டு நாள் பாத்துட்டு வாங்குனவன் ஓகே சொன்னா அண்ணன் பணத்த விடுவாரு. வெறும் பாக்கெட்டுக்கு இதவிட நல்ல மருந்து கெடையாது, அத நான் ஒத்துக்கறேன். ஆனா வாங்குறவனும் திருடனா இருக்கலாம்ல? நல்லா ஓடுற மெஷின கழட்டி வச்சிக்கிட்டு அதே கேஸ்ல செத்த மெஷின போட்டு "ஓடல, திருப்பி அனுப்பறேன்"னு சொன்னா அண்ணன் யார நம்புவாரு? ரீடயலா (திரும்ப பெயிண்ட் அடிச்ச டயலா) ஒரிஜினலான்னு தகராறு வந்தா தீர்ப்பு சொல்ற வேலையும் அவர் தலையிலதான். இதெல்லாம்கூட சமாளிக்கலாம். பயப்பட வேண்டியது வேற. எவனோ ஒருத்தன் எங்கயோ திருடுன பணத்துல நம்ம குரூப்ல வாட்ச் வாங்குறான்னு வைங்க, அந்தப் பணம் அண்ணன் அக்கவுண்ட் வழியா போகுது, பணத்தப் பறி கொடுத்தவர் சைபர் கிரைம்ல புகார் குடுத்தா பணம் போன ரூட்ல இருக்கிற அக்கவுண்டையெல்லாம் வரிசையா முடக்கிடலாம். அண்ணன் ஓசூர்ல வாட்ச் கம்பெனில வேலை பாத்து ரிட்டையர் ஆனவரு, அவருக்கு இருக்கிறது ஒரே அக்கவுண்ட், அதுலதான் பென்ஷனும் வருது. மாசக் கணக்குல அது முடங்குனா எவன் போய் பதில் சொல்றது? நம்ம 1,800 ரூபா பத்திரமா இருக்கணும்னு இன்னொருத்தர் சோத்துல கை வைக்கிற வேலை இது.

போதாததுக்கு, அண்ணன் போட்டோவ டிபியா வச்சிக்கிட்டு வேற நம்பர்லேர்ந்து "பணத்த எனக்கு அனுப்புங்க, நான் ஹோல்டு பண்ணிக்கறேன்"னு ரெண்டு பேருக்கு மெசேஜ் வந்துடுச்சு. ரூலே இன்னும் போடல, அதுக்குள்ள.

ஆதார் விஷயத்த ரெண்டு வரியில முடிச்சிடறேன். திருடன் குடுக்கிற ஆதார் பெரும்பாலும் அவனோடது இல்ல, இதுக்கு முன்னாடி அவனுக்கு நம்பி அனுப்புன எவனோடதாவது இருக்கும். நீங்க குடுத்தா அடுத்த குரூப்ல உங்க பேர்ல வாட்ச் விப்பான். குடுத்தே ஆகணும்னா கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியிற மாஸ்க்டு ஆதார் குடுங்க, ஆனா குடுக்கச் சொல்றதே வேண்டாத வேலைன்றது என் கட்சி.

அதவிட ஃப்ரீயா ஒரு விஷயம் இருக்கு, நாமதான் கண்டுக்கறதில்ல. 2025 ஜூன் கடைசிலேர்ந்து ஜிபே போன்பே எதுல பணம் போட்டாலும் பேங்க்ல என்ன பேர் இருக்கோ அந்தப் பேர்தான் காட்டணும், நாமளா வச்சிக்கிற செல்லப் பேர் கெடையாது. அந்தப் பேரும், குரூப்ல ஆளு சொல்ற பேரும், பார்சல்ல அனுப்புநர் பேரும் மூனும் ஒன்னா இருக்கணும். எங்கள ஏமாத்துனவனோட க்யூஆர ஸ்கேன் பண்ணா ஒரு பொம்பள பேர் வந்துச்சு, கேட்டதுக்கு "வைஃப் அக்கவுண்ட்டுண்ணா"ன்னான். பதினோரு பேரும் சரிப்பா சரிப்பான்னு போட்டோம். வைஃப் அக்கவுண்ட், மச்சான் அக்கவுண்ட்னு எவனாவது சொன்னா அங்கயே கைய எடுத்துடுங்க. ஏன்னா யூபிஐல நாமளா பின் அடிச்சு அனுப்புன பணம் போனா போனதுதான், கிரெடிட் கார்டு மாதிரி பேங்க்ல சொல்லித் திருப்புற வழியெல்லாம் அதுல இல்ல.

வி.பி.பி. பத்தி பேசுனா எங்கப்பா சிரிப்பாரு. போஸ்ட்மேன் பார்சல் கொண்டாருவாரு, பணத்தக் கட்டுனாதான் கையில குடுப்பாரு, பிரிச்சுப் பாத்துட்டுக் கட்டறேன்னு சொல்ல முடியாது. அப்பா சின்ன வயசுல பத்திரிகை விளம்பரத்தப் பாத்துட்டு டிரான்சிஸ்டருக்கு எழுதிப் போட்டு, பணத்தக் கட்டிப் பிரிச்சா உள்ள பேப்பர் சுத்துன செங்கல் துண்டு. ஆக, பார்சல்னு ஒன்னு வரும்ங்கிறதுக்குத்தான் வி.பி.பி. கேரண்டி, உள்ள என்ன இருக்குங்கிறதுக்கு இல்ல. விக்கிறவனுக்கும் தலைவலி, பணம் கைக்கு வர நாளாகும், வாங்குறவன் வேணாம்னுட்டா அனுப்புன செலவு விக்கிறவனுக்கு நஷ்டம். ஆனா ஒரு நல்லது, அட்ரஸ் குடுத்து போஸ்டாபீஸ்ல வந்து நிக்கிற ஆளு ராத்திரியோட ராத்திரியா காணாம போறவனா இருக்க மாட்டான். சோம்பேறித் திருடன வடிகட்ட இது போதும்.

தபால் பத்தி பேசும்போதே இன்னொன்னு. டிராக்கிங்ல டெலிவர்டுன்னு வந்துச்சேன்னு நம்பாதீங்க. நம்ம பின்கோடு 635001ன்னா அதே பின்கோட்ல வேற எவனோ ஒருத்தனுக்கு ஒரு வெத்துக் கவர அனுப்பிட்டு அந்த ரசீதத்தான் நம்மகிட்ட காட்டுவான், டிராக்கிங்ல கிருஷ்ணகிரின்னு வரும், டெலிவர்டுன்னும் வரும், நாம போஸ்டாபீஸ்ல போய் சண்டை போடுவோம். ஸ்பீடு போஸ்ட் ரசீதுல எடை அச்சாகியிருக்கும், அதப் பாருங்க. டப்பாவோட வாட்ச்னு சொன்னவன் ரசீதுல இருபது கிராம்னு இருந்தா அது வாட்ச் இல்ல, வெறும் கடுதாசி.

நேர்ல பாக்குறது, இதுதான் என் ஓட்டு, ஆனா கண்ண மூடிக்கிட்டு இல்ல. தருமபுரிக்காரரும் கிருஷ்ணகிரிக்காரரும் பேசுனா நடுவுல காரிமங்கலமோ காவேரிப்பட்டணமோ வந்துட்டா முடிஞ்சுது, பஸ்ஸுக்கு என்ன ஆயிடப் போகுது. போச்சம்பள்ளி சந்தையில ஆடு வாங்குறவன் வாயத் தொறந்து பல்லப் பாக்காம காசு குடுக்கிறானா? நாம மட்டும் போட்டோவப் பாத்து குடுக்கறோம். பஸ் ஸ்டாண்டு டீக்கடைல உக்காந்து பேரம் பேசாம ஒரு வாட்ச் ரிப்பேர் கடைல சந்திங்க, கடைக்காரர் பேக் கவரத் தொறந்து காட்டட்டும், அவருக்கு டீ காசோ அம்பதோ நூறோ குடுங்க. வெறும் பாக்கெட்டும் நடக்காது, பொய்ச் சரக்கும் பாதிக்கு மேல பிடிபட்டுடும். இதுல எனக்கு இருக்கிற கஷ்டம் என்னன்னா மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்ல வராது, அவ்ளோ தூரம் வந்திருக்காரே பாவம்னு சுமாரான ஒரு சோனா வாட்ச அப்பிடித்தான் தலையில கட்டிக்கிட்டேன். அப்புறம் நாகர்கோவில்காரன் விக்கிற வாட்சுக்கு என்ன பண்றது, அதுக்கும் இது ஆகாது.

தூரத்து ஆளுன்னா வீடியோதான். போட்டோ வேணாம், எங்கேர்ந்து வேணா சுடலாம். ஒரே டேக், கட் இருக்கக் கூடாது: பேப்பர்ல இன்னைக்குத் தேதியும் வாங்குறவர் பேரும் எழுதி வாட்ச் பக்கத்துல வச்சு ஆரம்பிக்கணும், டயல கிட்டக்க காட்டணும், அப்பிடியே கேமராவ நகத்தாம பேக் கவரத் தொறந்து மெஷினக் காட்டணும். முடிஞ்சா வாட்ச் துடிப்ப அளக்கிற டைம்கிராபர் ஆப்ப வச்சு அதே வீடியோலயே சத்தத்தக் கேக்க வைக்கணும். எச்எம்டியோட இந்த 0231 மெஷின்லாம் மணிக்கு 18,000 துடிப்பு, நொடிக்கு அஞ்சு. கீ முழுசா குடுத்துட்டு ஆம்ப்ளிட்யூடு (உள்ள பேலன்ஸ் வீல் ஆடுற அளவு) 200 டிகிரிக்குக் கீழ நின்னா "சர்வீஸ் பண்ணியாச்சு சார்"ங்கிறது பொய். தனியா எடுத்த ஸ்கிரீன்ஷாட்ட ஒத்துக்காதீங்க, பக்கத்து வாட்சோட ரீடிங்க காட்டுறதுக்கு எவ்ளோ நேரமாகும்? வந்த பார்சலப் பிரிக்கிறதையும் இதே மாதிரி ஒரே டேக்ல நீங்க எடுத்து வைங்க, மெஷின மாத்திட்டன்னு விக்கிறவர் சொன்னா காட்டணும்ல.

இவ்ளோ பேசியும் எங்க பதினோரு பேர் பணத்த இந்த நாலுல எது காப்பாத்தியிருக்கும்னு பாத்தா, அட்மின் வழி காப்பாத்தியிருக்கும், ஆனா அதுக்கு அண்ணன பலி குடுக்கணும். அவனுக்கு நாங்க போட்ட தம்ஸப் காப்பாத்தல, சொல்லப் போனா அதுதான் எங்கள மாட்டி விட்டுச்சு. முந்நூறு ரூபா ஜனதாவுக்கு வாங்குன எட்டு தம்ஸப்ப அவன் இருபதாயிரம் ரூபாய்க்கு செக்கு மாதிரி மாத்திக்கிட்டான். அதனால நான் ஒரு அஞ்சாவது ரூல் சொல்லியிருக்கேன், செலவே இல்லாதது: யாரா இருந்தாலும், அட்மினே ஆனாலும், பணம் வாங்கிட்டு வாட்ச் போய் சேராத டீல் ஒரே நேரத்துல ரெண்டுக்கு மேல இருக்கக் கூடாது. வாங்குனவர் "வந்துடுச்சு"ன்னு குரூப்ல போட்டாதான் அடுத்த வாட்ச். இது இருந்திருந்தா அன்னைக்கு ரெண்டு பேரோட நின்னிருக்கும். அஞ்சு மாசம் நல்லவனா நடிச்சு ரெண்டு அட்வான்ஸுக்கு ஓடுறது எவனுக்கும் கட்டுபடி ஆகாது, அதுக்கு அவன் நெஜமாவே வாட்ச் வித்துப் பொழைக்கலாம். பெரிய டீலருங்க ரெண்டு பேர் "வியாபாரம் படுத்துடும்"னு கத்துறாங்க, கத்தட்டும்.

பணம் போனவங்க கவனத்துக்கு. சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அன்னைக்கு மத்தியானமே நான் கூப்பிட்டேன், பணம் அனுப்புனதுக்கு வர்ற யூடிஆர் நம்பர் பன்னெண்டு இலக்கம், எத்தன மணிக்குப் போச்சு, எவ்ளோன்னு கேட்டாங்க, புகார் நம்பர் எஸ்எம்எஸ்ல வந்துடுச்சு. பணம் அந்த அக்கவுண்ட்லேர்ந்து அடுத்ததுக்கு நகர்றதுக்குள்ள சொன்னாதான் நிறுத்தி வைக்க முடியும், மறுநாள் சொன்னா பெரும்பாலும் பேப்பர் மட்டும்தான் மிஞ்சும். பதினோரு பேர்ல நாலு பேர்தான் புகார் குடுத்திருக்கோம், மிச்சப் பேர் "1,200 ரூபாய்க்கு எதுக்குப்பா ஸ்டேஷன் கீஸ்டேஷன்"ங்கிறாங்க. 420ன்னு நாம திட்டுற பழைய செக்‌ஷன் 2024 ஜூலைலேர்ந்து புதுச் சட்டத்துல 318 ஆயிடுச்சு, நம்பர் மாறுனாலும் தனித்தனியா 1,200 தானேன்னு விடுறத நம்பித்தான் இவனுங்க கடையே ஓடுது.

ரெண்டு டீல் ரூல அட்மின் அண்ணன் இந்த ஞாயித்துக்கிழம ஓட்டுக்கு விடறேன்னு சொல்லியிருக்காரு. அன்னைக்கே எனக்கு காவேரிப்பட்டணத்துல ஒரு பைலட் பாக்க வேண்டியிருக்கு, 3,500 சொல்றாரு, வீடியோல டயல் சுத்தமாத்தான் இருக்கு, நொடி முள்ளு மட்டும் வேற வாட்சோடதோன்னு சந்தேகமா இருக்கு. லென்ஸ எடுத்து பைல போட்டுட்டேன்.