எஞ்சின் சூடாக இருந்தால் விலை பேசாதீர்கள்: பழைய டீசல் லாரி வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

பழைய டீசல் லாரி வாங்கப் போகிறீர்களா? நீங்கள் போய் நிற்கும்போது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தால், அன்றைக்கு அந்த வண்டியைப் பார்க்காதீர்கள். மறுநாள் காலை முதல் செல்ஃப் அடிக்கும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். எனக்கு விற்கப்பட்ட லாரியில் இருந்த கோளாறுகளில் பாதிக்கு மேல் குளிர்ந்த எஞ்சினிலேயே தெரிந்திருக்கும். அதனால்தான் எனக்கு அதைக் குளிர்ந்த நிலையில் காட்டவே இல்லை.

விற்றவருக்கு லாரி வாங்கி விற்பதுதான் தொழில். கூடவே ஒரு மெக்கானிக்கையும் நிறுத்தியிருந்தார். நான் போனபோதே எஞ்சின் ஸ்டார்ட் ஆகி ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சினைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். ஆயில் புதிது. ஓட்டிப் பார்த்தபோது வெப்ப முள் பாதிக்குக் கீழேயே இருந்தது, ஆயில் பிரஷர் முள் நன்றாக ஏறி நின்றது. "எஞ்சின்ல கை வைக்கவே வேண்டாம் அண்ணே, அப்படியே லோடு ஏத்தலாம்" என்றார் மெக்கானிக். நல்ல அறிகுறியாகக் காட்டப்பட்ட ஒவ்வொன்றும் ஒரு கோளாறை மூடுவதற்காகச் செய்த வேலை என்பது எஞ்சினைப் பிரித்தபோது வெளியே வந்தது.

லோடோடு ஓட ஆரம்பித்ததும் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. விற்றவரைக் கேட்டால், "பழைய வண்டின்னா கொஞ்சம் தண்ணி குடிக்கத்தான் செய்யும், ஊத்திட்டு ஓட்டுங்க" என்கிறார். யார் சொன்னாலும் இந்தப் பேச்சை நம்பாதீர்கள். மூடிய கூலிங் சிஸ்டத்தில் தண்ணீர் தானாகக் குறையாது. வெளியே கசிய வேண்டும், அல்லது சிலிண்டருக்குள் போய் சைலன்சர் வழியாக வெள்ளைப் புகையாக வெளியேற வேண்டும், அல்லது ஆயிலில் கலக்க வேண்டும். இந்த மூன்றாவதுதான் எஞ்சினைத் தீர்த்துக்கட்டுவது. என் வண்டியில் நடந்ததும் அதுதான்.

வேறொரு பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். அங்கே முதலில் தெர்மோஸ்டாட் கூட்டைத் திறந்தார்கள். உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை, கழற்றி எடுத்திருக்கிறார்கள். பல எஞ்சின்களில் அது சுமார் 80 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் திறக்கும். அதுவரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாது. அதை எடுத்துவிட்டால் தண்ணீர் ஓயாமல் ரேடியேட்டரைச் சுற்றிவரும், லோடு இல்லாமல் கொஞ்ச தூரம் ஓட்டும்போது முள் ஏறவே ஏறாது. வாங்க வந்தவர் 'சூடாகாத எஞ்சின்' என்று சந்தோஷப்படுவார். ஆனால் எஞ்சின் சரியான வெப்பத்துக்கு வராமல் ஓடினால் லைனரும் (பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் குழாய்) பிஸ்டன் ரிங்கும் சீக்கிரம் தேயும். ஆகவே முள் ஏறாமல் கீழேயே கிடந்தால் அதையும் கோளாறாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல எஞ்சினில் முள் மெதுவாக ஏறி ஓர் இடத்தில் நிலையாக நிற்கும்.

ஆயிலும் அப்படித்தான். கம்பெனி சொன்ன கிரேடைவிடக் கெட்டியான ஆயிலை ஊற்றியிருந்தார்கள். பேரிங் தேய்ந்த எஞ்சினில் பிரஷர் முள்ளைத் தூக்கிக் காட்டவும் சத்தத்தை அடக்கவும் செய்கிற பழைய வேலை இது. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்த பிறகு, ஐடிலில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அந்த எஞ்சினுக்கான கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். ஆயில் புதிதாக மாற்றப்பட்டிருந்தால் லேபுக்கு சாம்பிள் அனுப்பியும் பயனில்லை. ஓடித் தேய்ந்த ஆயிலில்தான் இரும்பு, செம்பு, ஈயத்தின் அளவை வைத்து லைனரும் பேரிங்கும் எப்படித் தேய்கின்றன என்று சொல்ல முடியும். கூலன்ட் (ரேடியேட்டரில் ஊற்றும், சேர்மானங்கள் கலந்த குளிர்விப்புத் திரவம்) ஆயிலில் கலந்திருந்தால் சோடியம், பொட்டாசியம் ஏறிக் காட்டும். என் வண்டியிலோ கூலன்ட்டே இல்லை, வெறும் பச்சைத் தண்ணீர். அதனால் அந்தத் தடயமும் கிடைத்திருக்காது.

பச்சைத் தண்ணீர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எஞ்சின் போனதற்கு மூலகாரணம் அதுதான். கனரக டீசல் எஞ்சின்கள் பலவற்றில் லைனரின் வெளிப்பக்கம் நேராகத் தண்ணீரில் நிற்கும். ஒவ்வொரு முறை டீசல் எரியும்போதும் லைனர் சுவர் அதிரும். அந்த அதிர்வில் அதை ஒட்டிய தண்ணீரில் குட்டிக் குட்டி நீராவிக் குமிழிகள் உண்டாகி, உடனே நசுங்கும். நசுங்கும் வேகத்தில் இரும்பைக் கொத்தும். கனரக டீசலுக்கான கூலன்ட்டில் நைட்ரைட் போன்ற சேர்மானங்கள் இருப்பது இதற்காகத்தான். லைனர் மேல் ஒரு மெல்லிய படலத்தை அவை காத்து நிற்கும். வெறும் தண்ணீரிலோ, காலம் கடந்த கூலன்ட்டிலோ அந்தக் காப்பு கிடையாது. என் எஞ்சினின் லைனரைக் கழற்றியபோது ஒரு பக்கம் முழுக்க ஊசியால் குத்தியது போலக் குழிகள். அதில் ஒன்று சுவரைத் துளைத்து உள்ளேயே போயிருந்தது. கீழே இருந்த ரப்பர் ரிங்குகளும் கெட்டிப்பட்டு உடைந்திருந்தன. தண்ணீர் இந்த இரண்டு வழியிலும் எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சேம்பருக்கு இறங்கியிருக்கிறது. தண்ணீர் கலந்த ஆயிலுக்கு, பேரிங்குகளில் சுழலும் கிராங்க் தண்டைத் தாங்கும் வலு இல்லை. பேரிங்குகளின் மேல் பூச்சு தேய்ந்து, அடியிலிருந்த செம்பு நிறம் தெரிந்தது.

இன்னொன்றும் கிடைத்தது. ரேடியேட்டரின் மேல் தொட்டியில் பழுப்பு நிறத்தில் பசை மாதிரி ஒரு படிவு. கசிவை அடைக்கும் பொடியைக் கொட்டியிருக்கிறார்கள். அது ஓட்டையைத் தற்காலிகமாக அடைக்கும், கூடவே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டரையும் அடைக்கும். அடுத்து வாங்குபவரின் தலையில் கட்டுவதற்காக இதைச் செய்பவர்களை என்ன சொல்வது! ஏற்றத்தில் எஞ்சின் சூடாகி நின்றால் ஓட்டுபவரின் உயிருக்கே ஆபத்து என்பதை அவர்கள் கொஞ்சம்கூட நினைத்துப் பார்க்கவில்லை.

சரி, போகும்போது என்ன பார்க்க வேண்டும்? எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ரேடியேட்டர் வாய்க்குள் விரலை விட்டுத் தடவுங்கள்; பசையோ எண்ணெய்ப் பிசுக்கோ ஒட்டினால் காரணம் கேளுங்கள். எண்ணெய் ஒட்டினால், ஆயிலைத் தண்ணீரால் குளிர்விக்கும் ஆயில் கூலர் மேல் சந்தேகம் வர வேண்டும். ஓடும்போது ஆயில் பிரஷர் அதிகம் என்பதால் ஆயில் தண்ணீருக்குள் போகும், எஞ்சின் நின்ற பிறகு தண்ணீர் ஆயிலுக்குள் திரும்பி வரும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தாலோ, அளவு கோட்டுக்கு மேலே ஏறியிருந்தாலோ விட்டுவிடுங்கள். விற்பவர் சம்மதித்தால், இரவு முழுக்க நின்ற வண்டியின் சேம்பர் டிரெயின் நட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம் என்பதால், இருந்தால் அதுதான் முதலில் சொட்டும்.

அப்புறம் ஸ்டார்ட் செய்யச் சொல்லி, மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் சூடாவதற்கு முன்பே ஹோஸ் கல்லாக இறுகினால், எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது. ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம், ஹெட்டில் விரிசல் விட்டிருக்கலாம். ரேடியேட்டரில் குமிழி விடாமல் வந்தாலும் அதே சந்தேகம்தான். ஆனால் ஏர் பிரேக் வண்டியில் ஒரு விஷயம்: தண்ணீரில் குளிரும் ஏர் கம்ப்ரஷரின் கேஸ்கெட் போனாலும் இதே குமிழி வரும். அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்காமல் ஹெட்டைக் கழற்ற விடாதீர்கள்.

பேக் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டரிலிருந்து ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் வாயுவைப் பார்க்க ஆயில் மூடியைத் திறந்து வைப்பார்கள். கொஞ்சம் புகை எல்லா டீசலிலும் வரும், அதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். சூடான எஞ்சினில், அந்த வாயு வெளியேறும் பிரீதர் குழாயைப் பாருங்கள். புகை அழுத்தமாகப் பீய்ச்சினாலோ ஆயில் தெறித்தாலோ ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கலாம். முடிந்தால் கிராங்க்கேஸ் (கிராங்க் சுழலும் கீழ்க்கூடு) அழுத்தத்தை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட நம்பகமானது கூலிங் பிரஷர் டெஸ்ட். ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டி, மூடியில் பொறித்திருக்கும் அழுத்தம் வரை ஏற்றி, அரை மணி நேரம் விட வேண்டும். முள் இறங்குகிறது, வெளியே எங்கும் சொட்டவில்லை என்றால் கசிவு உள்ளேதான். டெஸ்ட் முடிந்ததும் உடனே செல்ஃப் அடிக்க விடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். இந்த டெஸ்ட்டை உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் செய்யட்டும். விற்பவர் கூட்டி வரும் ஆள் அவருக்காகத்தான் பேசுவார்.

கழற்றிய லைனரையும் பேரிங்கையும் விற்றவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "இருக்கிற நிலையில் வித்தது, கையெழுத்து போட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். ஆகவே ஒப்பந்தத் தாளை 'இருக்கிற நிலையில்' என்ற அந்த ஒரு வரியோடு நிறுத்திவிடாதீர்கள். குளிர்ந்த எஞ்சினில் பார்த்தது, பிரஷர் டெஸ்ட்டில் முள் எவ்வளவு நேரம் நின்றது, தெர்மோஸ்டாட் உள்ளே இருப்பது, ஆயில் என்ன கிரேடு, கூலிங்கில் அடைப்புப் பொடி போடவில்லை என்பது எல்லாவற்றையும் அதிலேயே எழுதி, அவர் கையெழுத்தை வாங்கிய பிறகு பணத்தைக் கொடுங்கள்.