வட்டியில்லாத தவணை என்று சொல்லி 84,000 ரூபாய் கடனைத் தலையில் கட்டிவிட்டார்கள்

இன்று காலை மூன்றாவது தவணையும் போய்விட்டது. 7,000 ரூபாய் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்ததும் கை நடுங்கியது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆன்லைனில் டிகிரி சேரும் முன்னால் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றும் கடைசியில் சொல்கிறேன்.

தம்பிக்கு எம்.பி.ஏ. படிக்க ஆசை. விசாரித்த தனியார் கல்லூரிகளில் 4 லட்சத்துக்குக் குறைந்து யாரும் பேசவில்லை, ஹாஸ்டல் தனி. அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார், என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. "வேலைக்குப் போய்க்கிட்டே ஆன்லைன்ல படிக்கிறேன்க்கா" என்று அவனே சொன்னான். ஆன்லைன் படிப்பை நான் இப்போதும் குறை சொல்ல மாட்டேன். சென்னை ஐ.ஐ.டி.யே 2020-இல் ஆன்லைன் பட்டப்படிப்பைத் தொடங்கியது. ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். தளத்தின் பாடங்களைக் காசில்லாமல் படிக்கலாம், சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். நாங்கள் போய் விழுந்தது வேறு இடத்தில்.

கோர்ஸ் விற்கும் ஒரு ஆப்பின் விளம்பரத்தில் தம்பி நம்பரைக் கொடுத்தான். பத்து நிமிடத்தில் போன் வந்தது. கவுன்சிலராம். நான்கு நாளில் ஆறு முறை பேசினார், வார்த்தைக்கு வார்த்தை அக்கா. "என் தங்கச்சியும் இதே கோர்ஸ்தான் படிக்கிறாக்கா. ஏமாத்துற இடமா இருந்தா அவளைச் சேர்த்திருப்பேனா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில்தான் நான் நம்பிவிட்டேன். வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரைச் சொல்லி, டிகிரி அங்கிருந்து வரும் என்றார். மொத்தம் 84,000. மாதம் 7,000 வீதம் 12 மாதம், வட்டியே கிடையாது, இன்று ராத்திரி வரைக்கும்தான் இந்த ரேட்.

சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு வீடியோ கால். ஆதார், பான், ஒரு செல்ஃபி, எல்லாம் சீட்டை உறுதி செய்யத்தானாம். ஓ.டி.பி. வந்தது. அந்தச் செய்தியில் லோன் என்று இருந்ததைப் பார்த்தேன், கேட்கவும் செய்தேன். "அது சும்மா சிஸ்டத்துல அப்படி வரும்க்கா, எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார். ஆறு எண்களையும் என் வாயாலேயே ஒவ்வொன்றாகச் சொன்னேன். மறுநாள் மெயிலில் 19 பக்க ஆங்கில ஒப்பந்தம் வந்தது. ஒரு நிதி நிறுவனத்திடம் நான் 84,000 ரூபாய் கடன் வாங்கியிருக்கிறேன்! பணம் மொத்தமும் நேராக ஆப் கம்பெனிக்குப் போய்விட்டது. அப்போதும் தவணை என்றால் இப்படித்தான் போல என்று இருந்துவிட்டேன்.

அப்புறம் 'லைவ் கிளாஸ்'. தம்பி புது நோட்டோடு உட்கார்ந்தான். சந்தேகம் இருந்தால் சாட்டில் போடுங்கள் என்று ஆசிரியர் சொல்ல, இவன் நான்கு முறை தட்டினான். இவனுக்குப் பதில் இல்லை. வேறு யார் யாரோ கேட்டதற்கெல்லாம் அவர் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டாவது வாரம், ஆகஸ்ட் மாதத்தில், அதே ஆசிரியர் எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துச் சொன்னார். பழைய பதிவைத்தான் லைவ் என்று ஓட்டியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழக மானியக் குழுவின், அதாவது யு.ஜி.சி.யின், தொலைநிலைக் கல்விப் பிரிவு (டி.இ.பி.) தளத்தில் தேடினோம். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆன்லைன் எம்.பி.ஏ. நடத்த அனுமதியே இல்லை. ஆன்லைன் டிகிரியில் சேர இப்போது மாணவருக்கு டி.இ.பி. ஐடி கட்டாயம், எங்களிடம் அதை யாருமே கேட்கவில்லை. பல்கலைக்கழகங்கள் இப்படி ஆப் கம்பெனிகளோடு சேர்ந்து, தங்கள் பெயரில் அவர்களை நடத்தவிடும் பிரான்சைஸ் முறையில் டிகிரி நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. 2022 ஜனவரியிலேயே எச்சரித்திருக்கிறது. 84,000 போன பிறகுதான் எனக்குத் தெரிகிறது.

கவுன்சிலரைக் கூப்பிட்டேன். "மேடம், நான் சேல்ஸ். ரீஃபண்ட் வேற டிபார்ட்மென்ட்." பணம் வாங்கும் வரை அக்கா, வாங்கிய பிறகு மேடம். அதோடு அந்த நம்பரை அவர் எடுக்கவில்லை. கஸ்டமர் கேரில் டிக்கெட் போட்டால் 48 மணி நேரம் என்பார்கள், பிறகு 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிடுவார்கள். மூன்று முறை இதே கதை. நான்காம் முறை பேசிய பெண், ரீஃபண்டுக்கு ஏழு நாள்தான், அது முடிந்துவிட்டது என்றார். வகுப்பு தொடங்கியதே எட்டாம் நாள்! கடன் கொடுத்த நிறுவனமோ, "கோர்ஸ் பத்தி எங்களுக்குத் தெரியாது மேடம், கடன் உங்க பேர்ல இருக்கு, கட்டலைன்னா சிபில் ஸ்கோர் போயிடும்" என்கிறது. இல்லாத டிகிரிக்கு இன்னும் ஒன்பது மாதம் நான் கட்ட வேண்டுமாம்.

விவரமாக எழுத நினைத்தேன், மனசு ஓடவில்லை. பல்கலைக்கழகம், படிப்பு இரண்டுமே இந்த வருட யு.ஜி.சி. பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். பணத்தைப் பல்கலைக்கழகத்திடமே கட்டுங்கள். ஓ.டி.பி. செய்தியில் லோன் என்று இருந்தால் உடனே போனை வைத்துவிடுங்கள். மாட்டிக்கொண்டாலும், ஆப் வழியாக எடுத்த கடனை அபராதமில்லாமல் திருப்பிக் கொடுக்க ரிசர்வ் வங்கி விதியில் சிறிது அவகாசம் உண்டு, அன்றைக்கே கேளுங்கள். நான் அதைத் தவறவிட்டேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். கடன் நிறுவனத்துக்கும் எழுத்தில் அனுப்பியாகிவிட்டது, 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவேன்.

சேரும்போது தள்ளுபடி தருகிறோம் என்று தம்பியிடம் ஐந்து நண்பர்களின் நம்பரை வாங்கியிருந்தார்கள். இந்த வாரம் அதில் இரண்டு பேருக்குப் போன் வந்திருக்கிறது. அவர்களிடமும் தங்கச்சி இதே கோர்ஸ் படிப்பதாகத்தான் சொன்னாராம்.