ஓட்ட வேகமா, ஆடிக் காட்டிய கணக்கா?

என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஆண்டுதோறும் வரும் குழப்பம் இது. 2017-இல் தேர்வான இரண்டு ரிசீவர்களையே (எறியும் பந்தைப் பிடித்து ஓடுபவர்கள்) எடுத்துக்கொள்வோம்.

விலை: 40 கெஜத்தை 4.22 விநாடியில் ஓடிய ஜான் ராஸுக்காக சின்சினாட்டி அணி தன் 9-ஆவது தேர்வையே செலவழித்தது. 4.62 எடுத்த கூப்பர் கப், 69-ஆவதாக ராம்ஸ் அணிக்குக் கிடைத்தார்.

பலன்: ராஸ் காயங்களோடு போராடினார்; முதல் ஆண்டில் ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை. கப் கல்லூரியிலேயே பந்தைப் பிடித்து 6,464 கெஜம் சேர்த்தவர். சின்னக் கல்லூரிதானே என்று தயங்கியிருக்கவே வேண்டாம். 2021-இல் 1,947 கெஜம், லீகிலேயே முதலிடம்!

சரி, வேகம் வீணா? இல்லை. அதைச் சொல்லித்தர முடியாது. 4.33 ஓடிய டிகே மெட்கால்ஃப் 2019-இல் 64-ஆவதாகத்தான் வந்தார், சியாட்டிலில் ஜொலித்தார்.

உடனே ஆள் வேண்டுமென்றால் கணக்கைப் பாருங்கள். பழக்கியெடுக்கப் பொறுமை இருந்தால், இரண்டாம் சுற்றிலோ அதற்குப் பிறகோ வேகத்தை எடுங்கள்.