தெருவைக் கேட்காத மைக்: சென்னை வீட்டில் ராக் பாடல் பதிவு

எழுபதுகளின் ராக் பாடல்களை வாசித்து, பாடி, வீட்டிலேயே பதிவு செய்வது என் பல வருடப் பழக்கம். மந்தைவெளியில் இரண்டாவது மாடியில் ஒரு சிறிய அறை. மடிக்கணினி, மைக்கையும் கிட்டாரையும் கணினியோடு இணைக்கும், இரண்டு உள்ளீடுகள் கொண்ட ஃபோகஸ்ரைட் ஆடியோ இன்டர்ஃபேஸ், ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் எல்லாம் முணுமுணுக்காமல் வேலை செய்கின்றன. எழுதத் தோன்றுவது மைக்கைப் பற்றித்தான்.

முதலில் இருந்தது ஒரு கண்டென்சர் மைக். இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் கொடுத்தால் மூச்சுக்காற்றைக்கூட நுணுக்கமாகப் பிடிக்கும். சென்னையில் அதுவே வினை. எதிர்வீட்டு மோட்டார், தண்ணீர் லாரி, மின்விசிறி எல்லாம் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கிட்டார் சோலோவுக்கு நடுவே “முளைக்கீரை, அரைக்கீரை” என்று கேட்டால் சிரிக்கலாம், வெளியிட முடியாது.

பிறகு வந்தது ஷூர் எஸ்எம்57. 1965 முதல் விற்பனையில் இருக்கும் டைனமிக் மைக். 48 வோல்ட் வேண்டாம். முன்னால் வருவதை வாங்கிக்கொண்டு முதுகுப்பக்கம் வருவதைப் பெரும்பாலும் தள்ளிவிடும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி வைத்தாலே தெரு அடங்கிவிடுகிறது. மின்விசிறியை மட்டும் இன்றும் அணைக்க வேண்டும். கத்திரி வெயிலில் ஒரு பாட்டு முடிவதற்குள் சட்டையைப் பிழியலாம்.

கிட்டார் ஆம்ப்ளிஃபையரில் இதன் அருமை தெரியும். ஸ்பீக்கர் கூம்பின் நடுவுக்கு நேராக வைத்தால் ஒலி ஊசியாகக் குத்தும். ஓரத்தை நோக்கி இரண்டு விரற்கடை நகர்த்தினால் கனிந்துவிடும். ஒலியின் தன்மையை மாற்றும் ஈக்வலைசரை அரைமணி நேரம் திருகுவதைவிட இது மேல். டீப் பர்ப்பிள் இசைக்குழுவின் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பாடலின் கிட்டார் முகப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அக்குழுவின் கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் அதை பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) இல்லாமல், இரண்டு தந்திகளையும் விரல்களால் ஒருசேரச் சுண்டி வாசிப்பவர். பிக்கால் அடித்தால் ஒரு தந்தி இமைப்பொழுது முந்தும். அறையில் கேட்கும்போது தெரியாத அந்த இடைவெளியைப் பதிவு காட்டிக்கொடுத்துவிடும்.

மென்மையாகப் பாடும் குரலுக்கு கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, நிறைய ஏற்ற வேண்டும். டைனமிக் மைக்குகளுக்கே உள்ள எல்லை அது. உதட்டை ஒட்டினால் அடிக்குரல் வீங்கும், ‘ப’ வெடிக்கும். பஞ்சு உறை போட்டு நான்கு விரல் தள்ளி நிற்கிறேன். அக்கூஸ்டிக் கிட்டாருக்கு மட்டும், தெரு உறங்கும் அதிகாலையில், பழைய கண்டென்சரை எடுப்பேன். மார்கழியில் அதுவும் நடக்காது.

லெட் செப்பெலின் இசைக்குழுவின் ‘வென் த லெவி பிரேக்ஸ்’ பாடலின் டிரம்ஸ், இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையின் படிக்கட்டுக் கூடத்தில், மேலே தொங்கவிட்ட மைக்குகளில் பதிவானது. எங்கள் குடியிருப்பிலும் படிக்கட்டு இருக்கிறதே! டிரம்ஸுக்கு இடமேது, கைதட்டலையும் டாம்பரீன் என்ற சலங்கை வளையத்தையும் அங்கே பதிவு செய்தேன். எதிரொலி அபாரம். முதல் மாடிப் பாட்டி கதவைத் திறந்து, “பஜனையா தம்பி? பிரசாதம் உண்டா?” என்றார். அதுவும் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

கடற்காற்றில் கிட்டார் தந்திகள் துருப்பிடிக்கின்றன; மைக்குக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவைக்கிறேன். கேபிளும் ஸ்டாண்டும் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வாங்கலாம். மைக்கை மட்டும் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள். இதற்குப் போலிகள் ஏராளம். பாதி விலைக்குக் கிடைத்தால் தொடாதீர்கள்.