கொச்சி கப்பலா சிங்கப்பூர் கப்பலா: வீல்சேர்ல அம்மாவ வெச்சுக்கிட்டு ரெண்டுலயும் போனவன் சொல்றது

போன வாரம் பெருந்துறையில ஒரு கல்யாணம். பந்தியில பக்கத்துல உக்காந்த மச்சான், “ஏனுங் மாப்ள, அப்பாவ ஒருக்கா டூர் கப்பல்ல கூட்டிட்டுப் போலாம்னு ரோசனை, கொச்சியில ஏறலாமா, இல்ல நீங்க போன மாதிரி சிங்கப்பூர் போயி ஏறலாமா”ன்னு கேட்டாரு. மாமனாருக்கு இடது பக்கம் இழுத்து மூணு வருசம் ஆச்சு, வீல்சேர்தான். ரசம் ஊத்தறதுக்குள்ள பதில் சொல்லி முடிக்க முடியல, அதனால இங்க எழுதிட்டேன், வேற யாருக்காச்சும் ஒதவுனாலும் சரி.

எங்கம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆனது. வாக்கர் புடிச்சு பத்து பதினஞ்சு அடி நடப்பாங்க, அதுக்கு மேல வீல்சேர். அவங்களக் கூட்டிக்கிட்டு ரெண்டு வருசத்துக்கு முன்னாடி பிப்ரவரியில கொச்சியில இருந்து லட்சத்தீவு போற கப்பல்ல போனோம், போன வருசம் சிங்கப்பூர்ல இருந்து மலேசியாவுல இருக்கற பினாங்கு போயி திரும்பற மூணு ராத்திரி கப்பல்ல போனோம். சென்னையில இருந்து எலங்கைக்குப் போற கப்பல்ல நான் ஏறுனதில்ல, அதனால அது இந்தக் கணக்குல இல்ல.

எனக்கு சிங்கப்பூர்தான். மறைச்சு என்னத்துக்கு, மொதல்லயே சொல்லிட்டேன்.

ஆனா கொச்சிக்கு இருக்கற நல்லதையும் சொல்லோணும். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம், சென்னிமலையில காலம்பர கார் எடுத்தா பாலக்காடு தாண்டி குதிரான் சுரங்கத்துல பூந்து மத்தியானத்துக்குள்ள கொச்சி. அந்த சுரங்கம் 2021ல தொறந்ததுல இருந்து அந்தப் பக்கம் போறதே நெம்ப சுளுவாயிருச்சு, முன்ன குதிரான் ஏத்தத்துல லாரிக்குப் பின்னாடி நின்னவங்களுக்குத் தெரியும். அம்மாவோட கமோடு சேர், தலகாணி, முறுக்கு டப்பா எல்லாத்தையும் டிக்கியில போட்டுக்கிட்டு துறைமுகத்து வாசல் வரைக்கும் போயிறலாம். சாப்பாடு நம்ம சாப்பாடு. காசும் கம்மி, ஏன்னா பிளைட் டிக்கெட் இல்ல, சிங்கப்பூர் ஓட்டல் இல்ல. நல்லா நடக்கற ஆளுங்க, கொழந்தைங்களோட போறவங்க தாராளமா கொச்சியிலயே போலாம், மழக்காலம் மட்டும் வேண்டாம், கப்பல் போற அகத்தித் தீவுப் பக்கம் கடல் அப்ப கொந்தளிப்பா இருக்கும்.

இனி விசயத்துக்கு வர்றேன். கப்பல் போயி சேர்ற ஊர்ல கரைய ஒட்டிக் கட்டறாங்களா, இல்ல நடுக்கடல்லயே நங்கூரம் போட்டு சின்ன போட்ல ஆளுகள எறக்கறாங்களா. இந்த ஒண்ணுதான், மிச்சதெல்லாம் இதுக்குப் பொறவு. அந்த சின்ன போட்ட டெண்டர்ங்கறாங்க. கொச்சிக்குப் போறப்ப இந்த வார்த்தையே எனக்குத் தெரியாது.

அகத்தி கொச்சியில இருந்து 459 கிலோமீட்டர். தீவச் சுத்தி பவளப்பாறை, உள்ள முழங்கால் ஆழத்துக்குப் பச்சைத் தண்ணி, அங்க அத்தாம் பெரிய கப்பல் எப்படிப் போகும்? வெளியவே நின்னுருச்சு. கப்பல் வயித்துல ஒரு கதவத் தொறந்தாங்க, வெளிய ஒரு போட்டு நிக்குது, நிக்குதுன்னா நிக்கறதில்ல, ஒரு அலைக்கு எங்க முட்டிக்கு மேல வருது, அடுத்த அலைக்கு ரெண்டடி கீழ போயிருது. ரெண்டு பக்கமும் ரெண்டு பசங்க கைய முழங்கையில கோத்துக்கிட்டு, போட்டு மேல வர்ற நேரம் பார்த்து ‘இப்ப’ங்கறாங்க, அப்ப எட்டு வெச்சரோணும். எம்பையன் குதிச்சுட்டான். அம்மா கம்பியப் புடிச்சுக்கிட்டு நாலஞ்சு அலையப் பார்த்தாங்க. “வேண்டாஞ்சாமி, கெணத்துப் படியில எறங்கற மாதிரி இருக்குது, படியும் சேர்ந்தில்ல ஆடுது, நீங்க போயிட்டு வாங்க”ன்னாங்க. ஊட்டுக்காரியும் பையனும் போனாங்க, நான் இருந்துட்டேன். மேல் தளத்துல நெழலாப் பார்த்து வீல்சேரப் போட்டு, தூரத்துல தெரியற தென்னை மரத்தப் பார்த்துக்கிட்டு ரெண்டு பேரும் டீ குடிச்சோம். அம்மா ஒண்ணுமே சொல்லல. அதுதான் எனக்குக் கஷ்டமாப் போச்சு. கப்பல்காரங்க மேல குத்தம் சொல்ல மாட்டேன், அவங்க நல்லாத்தான் பார்த்துக்கிட்டாங்க, அந்தக் கடலே அப்படி. கேக்காமப் போனது எந்தப்பு. டிக்கெட் போட்டுக் குடுத்த ஏஜென்ட் கிட்ட “அம்மா வீல்சேருங்க”ன்னேன், “ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க”ன்னாரு, அவரு கப்பல்ல ஏத்தறதச் சொல்லியிருக்காரு, நான் கப்பல விட்டு எறங்கறதையும் சேத்துக் கேட்டதா நெனச்சுக்கிட்டேன்.

அதனால ரெண்டாந்தடவ கப்பல் பேரு, ரூம் போட்டோ எதையும் பாக்காம எந்தெந்த ஊர்ல நிக்குதுன்னுதான் மொதல்ல பார்த்தேன். சிங்கப்பூர்ல மெரினா பே குரூஸ் சென்டர் 2012ல கப்பலுக்குன்னே கட்டுனது, ஏர்போர்ட் மாதிரி. பினாங்குல சுவெட்டன்ஹாம் பியர்னு ஒரு துறை, கப்பல் நேரா அதுல வந்து கட்டிக்குது, எறங்குனா பினாங்கோட முக்கிய ஊரான ஜார்ஜ் டவுன். ஆனா இதே சிங்கப்பூர்ல இருந்து தாய்லாந்து புக்கெட்டையும் சேத்துப் போற நாலு ராத்திரி டிக்கெட்டும் இருக்குது, புக்கெட்ல பெரிய கப்பலுக பெரும்பாலும் பட்டோங் கடற்கரைக்கு வெளிய நங்கூரம் போட்டு டெண்டர்லதான் எறக்கறாங்க. ஒரே கப்பல், ரெண்டு டிக்கெட், ஒண்ணுல அம்மா எறங்கலாம், இன்னொண்ணுல முடியாது. சில கப்பல்ல வீல்சேரோட டெண்டருக்குள்ள உருட்டிட்டுப் போற வசதி உண்டுங்கறாங்க, நான் பார்த்ததில்ல, அதுலயும் அன்னைக்குக் கடல் ஆடுச்சுன்னா ‘இன்னைக்கு வேண்டாம்’னு சொல்ற உரிமை அவங்களுக்கு இருக்குது. பேட்டரி வீல்சேர்னா இன்னும் கஷ்டம், அந்தக் கனத்த யாரும் தூக்க மாட்டாங்க. டிக்கெட் போடறப்ப ஒவ்வொரு ஊருக்கும் ‘டாக்கா (கரையில கட்டறதா), டெண்டரா’ன்னு எழுத்துலயே கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க, வாட்ஸ்அப்ல வந்தாலும் போதும்.

நாங்க போனது ராயல் கரீபியன்ங்கற கம்பெனியோட கப்பல். பினாங்குல எறங்கறப்ப ஒரு விசயம் கத்துக்கிட்டேன். கப்பலுக்கும் கரைக்கும் நடுவுல போடற சாய்வுப் பாலம் எப்பவும் ஒரே சாய்வா இருக்காது, கடல் மட்டம் ஏறி எறங்க அதுவும் ஏறி எறங்கும், காத்தால லேசா இருந்தது சாயங்காலம் செங்குத்தா நிக்கும். எறங்கறப்ப வீல்சேரத் திருப்பி, அம்மா மூஞ்சி கப்பலப் பார்த்த மாதிரி வெச்சு, நாம பின்னாடியே நடந்து எறக்கோணும், நேரா தள்ளுனா ஆளு முன்னாடி சரிஞ்சுரும். கப்பல் பையன் ஒருத்தன் பேசாம வந்து எங்கையில இருந்து வாங்கி அப்படித்தான் எறக்கிக் குடுத்தான்.

அங்கிருந்து லிட்டில் இந்தியா பக்கம்தான், தள்ளிக்கிட்டே போயிட்டோம். கடைகளுக்கு முன்னாடி வராந்தா மாதிரி நடைபாதை இருக்குது, நெழலா இருக்குதேன்னு அதுல ஏறிறாதீங்க, ஒவ்வொரு கடைக்கும் ஒரு ஒசரம், படி ஏறி படி எறங்கி ஓஞ்சு போயிருவீங்க, ரோட்டு ஓரமாவே தள்ளறது மேல். குயின் ஸ்ட்ரீட்ல மகாமாரியம்மன் கோயில், 1833ல கட்டுனது. கோயிலப் பார்த்ததும் அம்மா வாக்கரக் கேட்டு வாங்கி நடந்தே உள்ள போனாங்க. தேங்கா பழம் வாங்கற கடையில “எந்த ஊருங்க”ன்னு தமிழ்லயே கேட்டாங்க, அம்மா “சென்னிமலைங்க”ன்னு சொல்லிட்டு அந்தம்மா மொகத்தப் பார்த்தாங்க, என்னமோ அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கோணுங்கற மாதிரி. தண்ணீர்மலை முருகனுக்கு ஐந்நூறுக்கு மேல படி, அதனால டாக்சியில அடிவாரம் வரைக்கும் போயி கீழ இருந்தே கும்பிட்டுட்டு வந்துட்டோம். சென்னிமலைக்காரி மலை ஏறாம வந்துட்டேனேன்னு திரும்பற வரைக்கும் பொலம்பல்தான். ஆனா எறங்கிப் பார்த்துட்டுப் பொலம்பறது வேற.

ரூமு விசயம். சாதா ரூம் கதவு நெம்பக் குறுகல், 23 இஞ்ச் வாக்குலதான் இருக்கும், அம்மா வீல்சேர் 25 இஞ்ச். கொச்சியில சாதா ரூம் போட்டதால ஒவ்வொரு தடவையும் அம்மாவ வாசல்ல எறக்கி, சேர மடிச்சு உள்ள எடுத்துட்டுப் போனோம். வெளிய விட்டுட்டுப் போக முடியாது, நடை வழிய அடைக்கக் கூடாதுங்கறது எல்லாக் கப்பல்லயும் சட்டம். அப்பறம் பாத்ரூம் வாசல்ல தண்ணி வெளிய வராம ஒரு தடுப்பு, ராத்திரி அதத் தாண்ட நான் எந்திரிச்சு நிக்கோணும். சிங்கப்பூருக்கு வீல்சேர் ரூமே வேணும்னு புக்கிங்லயே கேட்டு வாங்குனோம். கதவு 32 இஞ்ச், பாத்ரூம்ல தடுப்பு இல்ல, செவுத்துல புடிக்கக் கம்பி, உக்காந்து குளிக்க மடக்குப் பலகை. இந்த மாதிரி ரூம் ஒரு கப்பல்ல கொஞ்சம்தான் இருக்கும், சீக்கிரம் தீந்துரும், ஆறு மாசத்துக்கு முன்னாடியே புடிங்க. கப்பல்காரங்க வீல்சேர் குடுப்பாங்க, ஆனா அது ஏத்தறதுக்கும் எறக்கறதுக்கும் மட்டும், ஊர் சுத்த நம்மளுது வேணும்.

சின்னச் சின்ன விசயம் சிலது, ரெண்டு கப்பலுக்கும் பொது. ஏறுன அன்னைக்கே பாதுகாப்பு பயிற்சி ஒண்ணு வெப்பாங்க, அங்க ‘எங்கம்மாவால படி ஏற முடியாது’ன்னு சொல்லிப் பேரு பதிஞ்சு வெச்சிருங்க, ஆபத்து வந்தா லிப்டு ஓடாது. ஷோ முடிஞ்ச ஒடனே லிப்டுக்கு ஓடாதீங்க, கால் மணி நேரம் உக்காந்திருந்தா கூட்டம் கலஞ்சுரும். கடைசி ராத்திரி பெட்டியெல்லாம் ரூம் வாசல்ல வெக்கச் சொல்லி எடுத்துட்டுப் போயிருவாங்க, மாத்திரையும் மறுநா போடற துணியும் கைப்பையில இருக்கோணும், எங்க ஊட்டுக்காரி சீலைய எல்லாம் பெட்டியில வெச்சுத் தாட்டி விட்டுட்டு நைட்டியோட நின்னா. வாந்தி வர்ற ஒடம்புன்னா கப்பலுக்கு நடுவுல, கீழ் தளத்துல ரூம் கேளுங்க, அங்கதான் ஆட்டம் கம்மி. அவோமின் போட்டா தூக்கம் வரும், பிரஷர் மாத்திரை சாப்புடற பெருசுகளுக்கு டாக்டரக் கேட்டுட்டுக் குடுங்க.

சிங்கப்பூர்ல செலவும் அலைச்சலும் சாஸ்திதான், இல்லைங்கல. கோயமுத்தூர்ல இருந்து ஸ்கூட் பிளைட் நேரா போகுது, நாலரை மணி நேரம் வாக்குல, வீல்சேர் உதவி டிக்கெட் போடறப்பவே கேட்டுறோணும். கப்பல் கெளம்பறதுக்கு ஒரு நா முன்னாடியே போயிருங்க, பிளைட் லேட்டானா கப்பல் காத்திருக்காது. விசா மல்டிபிள் என்ட்ரியான்னு பாருங்க, கப்பல்ல போயிட்டு வந்து எறங்கறது ரெண்டாவது தடவ நொழையற கணக்கு. மலேசியா நம்மாளுகளுக்கு 2023 டிசம்பர்ல இருந்து விசா இல்லாம விடறாங்க, 2026 வரைக்கும்னு நீட்டிச்சிருக்காங்க, போறப்ப ஒருக்கா பாத்துக்கோங்க. டிக்கெட் காசு போக டிப்ஸ்னு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 டாலருக்கு மேல கணக்குல ஏத்தறாங்க, இன்சூரன்ஸும் போட்டே ஆகோணும், கப்பல் டாக்டர் பீஸும் டாலர்தான்.

நேத்து மச்சான் போன் பண்ணுனாரு. மாமனாரு டேப் எடுத்து வீல்சேர அளந்துட்டாராம், 26 இஞ்ச். ஏஜென்ட் கிட்ட ஜனவரிக்கு அந்த பெரிய கதவு ரூம் ஒண்ணு இருக்குதாம், ஆனா அது புக்கெட் போற நாலு ராத்திரி டிக்கெட். மூணு ராத்திரியில எப்ப காலி வருதுன்னு கேக்கச் சொல்லியிருக்கறேன், அது வரைக்கும் அட்வான்ஸ் குடுக்காதீங்கன்னும் சொல்லியிருக்கறேன்.