நிலாவெளி என்று தேடினால் என்ன கிடைக்கும்: நான்கு இலவசக் கருவிகள், ஒரு மதிப்பீடு

திருகோணமலையிலும் பக்கத்துக் கடற்கரையூரான நிலாவெளியிலும் விடுதி, வள்ளச் சவாரி, கடலுணவுக் கடை நடத்துபவர்கள் பேஸ்புக் விளம்பரத்தில் காசு போடுமுன், சனம் தங்கள் தொழிலைப் பற்றி இணையத்தில் என்ன கதைக்கிறது என்று பார்த்தே ஆகவேண்டும். இதற்குக் காசில்லாமல் கிடைப்பவை நான்கு: கூகுள் அலர்ட்ஸ், ஒரு சொல் எப்போது அதிகம் தேடப்படுகிறது என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸ், கூகுள் மேப்ஸ் விமர்சனங்கள், பேஸ்புக்கில் ஓடும் விளம்பரங்களைத் தேடிப் பார்க்க உதவும் மெட்டா ஆட் லைப்ரரி. இவற்றில் இந்த ஊருக்கு அதிகம் உதவுவது மேப்ஸ். மிகக் குறைவாக உதவுவது, எல்லோரும் முதலில் சொல்லித்தரும் அலர்ட்ஸ்.

2003இல் வந்த அலர்ட்ஸ், நாம் கொடுக்கும் சொல் புதிதாக எங்காவது எழுதப்பட்டால் மின்னஞ்சலில் அறிவிக்கும். ஆனால் பேஸ்புக் குழு, இன்ஸ்டாகிராம் கருத்துகள், வாட்ஸ்அப் எதுவும் அநேகமாக அதன் கண்ணில் படாது. கதை நடப்பதோ பெரும்பாலும் அங்கேதான். அடுத்த சிக்கல் ஊர்ப்பெயர். ஆங்கிலத்தில் ட்ரிங்கோமலி என்று மட்டும் கொடுத்தால், 1817இல் பம்பாயில் கட்டப்பட்டு இப்போது இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலில் அருங்காட்சியகமாக நிற்கும் அதே பெயர்க் கப்பலின் செய்திகளும் வந்து குவியும். எண்ணெய்த் தாங்கிகள், துறைமுகம் பற்றிய அரசியல் செய்திகள் வேறு. ஹார்ட்ல்பூல் என்ற சொல்லுக்கு முன்னால், இடைவெளி விடாமல், கழித்தல் குறி போடுங்கள், கப்பல் போய்விடும். ஊர்ப்பெயரோடு ‘ஹோட்டல்’, ‘பீச்’ போன்ற தொழிற்சொல் ஒன்றையும் சேர்த்தால் அரசியலும் குறையும்.

தமிழில் தேடும்போது வேற்றுமை உருபு காலை வாரும். மேற்கோள் குறிக்குள் ‘நிலாவெளி’ என்று கொடுத்தால் ‘நிலாவெளியில்’, ‘நிலாவெளிக்கு’ என்று எழுதியவர்கள் தப்பிவிடுவார்கள். திருகோணமலையை ஒருவர் ‘க்’ போட்டு எழுதுவார், இன்னொருவர் திருமலை என்பார், இளசுகள் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவார்கள். ஆகவே முதல் வேலை கருவியைத் திறப்பது அல்ல, ஒரு தாளில் சொற்களை எழுதுவது. ஊர்ப்பெயரின் எல்லா எழுத்து வடிவங்களும், உருபேற்ற வடிவங்களும், சிங்களப் பெயரும் அதில் இருக்கவேண்டும். உள்ளூர்ப் பயணிகளில் பெரும்பங்கினர் சிங்களம் பேசுவோர். அவர்கள் எழுதுவதைப் படிக்காமல் விட்டால் பாதிச் சந்தையைப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

மேப்ஸுக்கு வருவோம். உங்களோடு போட்டியிடும் ஐந்தாறு இடங்களைத் தெரிவுசெய்து, விமர்சனங்களை முதலில் ‘புதியவை’ என்றும், பிறகு ‘குறைந்த மதிப்பீடு’ என்றும் வரிசைப்படுத்துங்கள். ஓர் இடத்துக்கு முப்பது வாசித்தால் போதும். ஒவ்வொன்றையும் திகதி, மொழி, விடயம், எழுதியவரின் சொந்தச் சொல் என்று நான்கு நிரலில் பதியுங்கள். கடைசி நிரலைச் சுருக்கி எழுதக் கூடாது. ‘சுத்தம் போதாது’ என்று சுருக்கினால் பயன் இல்லை. ‘குளியலறையில் மணல்’ என்று அவர் எழுதியிருந்தால் அதையே வைத்திருங்கள். பின்னால் விளம்பர வாசகம் பிறக்கப்போவது அந்தச் சொற்களிலிருந்துதான். புறாத்தீவுச் சவாரி நடத்துபவர்கள் காசு பற்றிய குழப்பத்தைத் தனியாகத் தேடிப் பார்க்கவேண்டும்: அந்தத் தீவு தேசியப் பூங்கா என்பதால் அதன் நுழைவுச்சீட்டு வேறு, வள்ளக் கூலி வேறு என்பது வெளியூராருக்குத் தெரியாது. உங்கள் முதற்பதிவே அந்தக் கணக்கை ரூபாயில் விளக்குவதாக இருக்கலாம். ஐந்து நட்சத்திரமும் ஒரே வரியும் கொண்ட விமர்சனங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மூன்று நட்சத்திரக்காரர்தான் நல்லதையும் கெட்டதையும் விபரமாக எழுதுவார்.

ட்ரெண்ட்ஸ் காட்டும் 0 முதல் 100 வரையான எண்ணைத் தேடியவர்களின் தொகை என்று பலர் பிழையாக எடுக்கிறார்கள். தெரிவுசெய்த காலத்தில் உச்சம் எதுவோ அதுதான் 100. மற்றவை அதற்கு ஒப்பானவை. 0 என்றால் யாருமே தேடவில்லை என்பதல்ல, அளக்கப் போதாத அளவு என்பதே. தமிழ்ச் சொற்களுக்கு இங்கே பெரும்பாலும் வெறுங்கோடுதான் வரும், மனம் தளரவேண்டாம். நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா, அறுகம்பே ஆகிய கிழக்குக் கடற்கரைகளின் பெயர்களை ஆங்கிலத்தில் போட்டு, ஐந்து வருடத்துக்கு ஒப்பிடுங்கள்; ஒரே நேரத்தில் ஐந்து சொற்கள் வரை வைக்கலாம். பிறகு நாட்டை இலங்கையிலிருந்து ஜெர்மனி, பிரித்தானியா, இந்தியா என்று மாற்றுங்கள். அந்தந்த நாட்டில் கோடு எந்த மாதம் ஏறத் தொடங்குகிறதோ, அதுவே அவர்களுக்கு விளம்பரம் போகவேண்டிய மாதம். இந்த ஒன்றுக்காகவே ட்ரெண்ட்ஸைத் திறக்கலாம்.

ஆட் லைப்ரரிக்குக் கணக்குக்கூடத் தேவையில்லை. நாடு இலங்கை, வகை எல்லா விளம்பரங்களும் என்று வைத்து, போட்டியாளரின் பக்கப் பெயரைத் தேடினால் இப்போது ஓடும் விளம்பரங்களும் அவை தொடங்கிய திகதியும் தெரியும். இரண்டு மாதமாக ஒருவர் காசு கொடுத்து ஒரே படத்தை ஓட்டுகிறார் என்றால் அது அவருக்கு ஆள் கொண்டுவருகிறது என்று ஊகிக்கலாம். எவ்வளவு செலவிட்டார் என்பது சாதாரண வணிக விளம்பரங்களுக்குத் தெரியாது. முடிந்துபோனவையும் இங்கே காட்டப்படுவதில்லை. அதனால் மே முதல் செப்டெம்பர் வரையான சீசனில் இரு வாரத்துக்கு ஒருமுறை பார்த்துத் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள்.

பேஸ்புக் குழுக்களுக்கு இவற்றில் ஒன்றும் கைகொடுக்காது. குழுவில் சேர்ந்து, அதற்குள்ளேயே இருக்கும் தேடற்பெட்டியில் தாளில் எழுதிய சொற்களை ஒவ்வொன்றாகப் போடவேண்டும். சேர்ந்த அன்றே விலைப்பட்டியலைப் பதிந்தால் நிர்வாகி நீக்கிவிடுவார், பிறகு வாசிக்கவும் வழியில்லை. வாடைக்காற்று அடித்து அறைகள் வெறுமையாகக் கிடக்கும் டிசம்பர், ஜனவரியில் இதற்கு இரண்டு வாரம் ஒதுக்கினால், சீசன் தொடங்குமுன் சனம் கதைப்பவற்றின் பட்டியல் ஒன்று கையில் இருக்கும்.