சண்டைக்கு ஒரு காரணம் வேண்டாமா? கோடையில் படிக்க இரண்டு நாவல்கள்

மார்ச் கணக்கு முடிப்பு வேலை ஓய்ந்ததும், ஏப்ரல், மே மாதங்களில் நான் தேடிப் படிப்பது மோதலில் தொடங்கிக் காதலில் முடியும் நகைச்சுவை நாவல்களைத்தான். நம் ஊர் மாத நாவல்களில் ஊறியவர்களுக்கு இந்தக் கதைப்போக்கு புதிதில்லை. முறைப்பார்கள், சீண்டுவார்கள், கடைசி அத்தியாயத்தில் கைகோத்து நிற்பார்கள். ஆங்கிலத்திலும் முடிவு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். அதனால் நான் முதலில் பார்ப்பது, இந்த இரண்டு பேருக்கும் ஏன் ஆகவில்லை என்பதை. சண்டை உப்புச்சப்பில்லாமல் இருந்தால் பின்னால் வரும் காதலும் அப்படித்தான் இருக்கும்.

எமிலி ஹென்றியின் ‘பீச் ரீட்’ (2020) அந்தக் கேள்விக்கு முழுப் பதில் வைத்திருக்கிறது. ஜனவரி ஆண்ட்ரூஸ் காதல் நாவல்கள் எழுதுபவள். அப்பாவுக்கு இன்னொரு பெண்ணோடு உறவு இருந்தது என்பதே அவருடைய இறுதிச் சடங்கில்தான் அவளுக்குத் தெரியவருகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக்கரையில் அவர் விட்டுப்போன வீட்டுக்குக் கையில் காசில்லாமல் வந்து சேர்கிறாள். கோடை முடிவதற்குள் புது நாவல் எழுதியாக வேண்டும். எழுத்து நகரவில்லை. பக்கத்து வீட்டிலோ அகஸ்டஸ் எவரெட். கல்லூரியில் அவளோடு எழுத்து வகுப்பில் இருந்தவன், இன்று பெயர் பெற்ற இலக்கிய எழுத்தாளன். உன் கதையில் எல்லாரும் கடைசியில் சந்தோஷமாகிவிடுவார்களே என்று அன்று அவன் குத்திப் பேசியது அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

சுபமான முடிவு பொய் என்பது அவன் கட்சி. அதை நம்பியே பிழைத்தவள் அவள். அப்பா விஷயம் தெரிந்தபிறகு அவளுக்கே அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டிருக்கிறது. அதனால் அவன் சாதாரணமாக எதையாவது சொன்னாலும் வலிக்கிற இடத்திலேயே விழுகிறது. இருவரும் ஒரு பந்தயம் கட்டுகிறார்கள்: அவள் இருண்ட இலக்கிய நாவல் எழுத வேண்டும், அவன் சுபமாக முடியும் காதல் கதை எழுத வேண்டும், யாருடையது முதலில் விலைபோகிறதோ அவருக்கு வெற்றி.

பந்தயத்தோடு ஒரு பாடத்திட்டமும் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் அவன் அவளைக் கூட்டிப்போவது, உயிர்ப்பலி வாங்கிய ஒரு மதக் குழுவிலிருந்து தப்பியவர்களைப் பேட்டி காண. சனிக்கிழமைகளில் அவள் அவனைக் கூட்டிப்போவது, காரில் உட்கார்ந்தே படம் பார்க்கும் திறந்தவெளித் திரையரங்குக்கும் எல்லாரும் வரிசையாக நின்று ஆடும் நடனத்துக்கும். ஒருவர் உலகத்துக்குள் இன்னொருவர் வேலை நிமித்தமாகவே நுழைவதால் நெருக்கம் தானாக வளர்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ஜன்னல் காட்சிகள். இரண்டு வீடுகளும் அடுத்தடுத்து. இருவரும் ஜன்னலுக்கு நேரே மேசை போட்டு எழுதுகிறார்கள். காகிதத்தில் பெரிய எழுத்தில் ஒரு வரி எழுதித் தூக்கிக் காட்டுகிறாள், அங்கிருந்து அவன் பதில் எழுதிக் காட்டுகிறான். கையில் போன் இருக்கிறது, குரல் கொடுத்தால் கேட்கும் தூரம்தான். இருந்தும் மெனக்கெட்டு எழுதுகிறார்கள். கேலியாகத் தொடங்கும் அந்த வரிகள் கொஞ்சம் கொஞ்சமாக இன்னொருவர் இன்று எழுதினாரா, சாப்பிட்டாரா என்ற அக்கறையாக மாறுகின்றன. முத்தக் காட்சிகளைவிட எனக்கு இவைதான் மனதில் நின்றன.

கோடையும் வெறும் பின்னணியாக நின்றுவிடவில்லை. மிச்சிகனின் மேற்குக் கரையில் ஜூன் மாதம் சூரியன் மறைய இரவு ஒன்பது மணி தாண்டிவிடும். அவ்வளவு நீண்ட மாலையில் அவரவர் வீட்டு மரத்தளத்தில் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுக்காரன் கண்ணில் படாமல் இருக்க முடியாது!

குறையும் இருக்கிறது. அந்த மதக் குழுவில் சொந்தங்களை இழந்தவர்களின் துயரத்தைக் கதைக்குள் கொண்டுவந்துவிட்டு, காதல் சூடுபிடித்ததும் ஆசிரியர் அதை அப்படியே விட்டுவிடுகிறார். அந்த மனிதர்கள் என்ன ஆனார்கள் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசிக்குச் சற்று முன் வரும் பிரிவும் அவசரமாகச் செருகியதுபோல இருக்கிறது.

இன்னொன்று கிறிஸ்டினா லாரனின் ‘தி அன்ஹனிமூனர்ஸ்’ (2019). இந்தப் பெயரில் எழுதுவது இரண்டு தோழிகள். கதையில் ஆலிவும் அவள் சகோதரியும் இரட்டையர். அந்தச் சகோதரியின் கல்யாண விருந்தில் கடல் உணவு விஷமாகி மொத்தக் கூட்டமும் சுருண்டு விழுகிறது. ஒவ்வாமையால் அதைத் தொடாத ஆலிவும், பஃபே என்றாலே ஒதுங்கும் மாப்பிள்ளையின் அண்ணன் ஈதனும் மட்டும் தப்பிக்கிறார்கள். வீணாகப் போகவிருந்த தேனிலவுப் பயணத்தில் இந்த ஜென்ம விரோதிகள் தம்பதிபோல நடித்துக்கொண்டு ஹவாயின் மாவி தீவுக்குப் போகிறார்கள். முதல் பாதி முழுக்க வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் பகை எங்கே தொடங்கியது? ஒரு திருவிழாவில் அவள் பொரித்த சீஸ் சாப்பிட்டபோது அவன் பார்த்த ஒரு பார்வையில். சரி, நேரில் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும். பின்பாதியில் அவள் சொல்லும் ஓர் உண்மையை அவன் நம்ப மறுக்கிறான். அதுதான் அசல் சண்டை. அதற்காக அவன் இன்னும் நிறையக் கெஞ்சியிருக்க வேண்டும். ஆலிவ் அவனைச் சீக்கிரமே மன்னித்துவிடுகிறாள்.

ரயில் பயணத்துக்கு ‘தி அன்ஹனிமூனர்ஸ்’ போதும். ஒரு நாவலுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ‘பீச் ரீட்’ எடுங்கள். ஜூலியா வீலன் வாசித்த ஒலிநூலும் அருமை. ஆனால் ஜனவரி தன் அப்பாவின் கடிதங்களைப் பிரிக்கும் பகுதி வரும்போது மட்டும் அதை நிறுத்திவிட்டுப் புத்தகத்தில் படியுங்கள். அந்தப் பக்கங்களில் நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருக்கும்.